'மாட்டேன்' என்றால் என்ன நடக்கும்?

1889ஆம் ஆண்டின் மதராஸ் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கணவன் இறந்துவிட்டான். மனைவிக்கு வயது 13. உடல் வீட்டில் கிடக்கிறது. குறிப்பிட்ட ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தைத் தூக்கவிடுவோம் என்று உறவுக்காரர்கள் மறித்துக்கொண்டார்கள். அவள் சம்மதித்தாள். பிறகு விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அது மனம் ஒப்பிக் கொடுத்த சம்மதம் இல்லை, தத்து செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

யாரும் அவளை அடித்ததாகத் தெரியவில்லை, கத்தியும் காட்டவில்லை. பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியாது, ஊர் வாசலில் நிற்கும், நேரம் போகப் போக உடல் தாங்காது. அந்த வீட்டுக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது. வெளியூர்க் கொள்ளைக்காரனுக்கு நகைப்பெட்டி எங்கே என்றுதான் கேட்கத் தெரியும்.

நான் வழக்கறிஞர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலைக்காக ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு பாடம் படிக்க வேண்டியிருந்தது. அங்கேதான் இந்த வழக்கு அறிமுகமானது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகிறது. கட்டாயப்படுத்துதல் என்றால் என்ன என்று சொல்லும் 15ஆம் பிரிவும் கூடவே போயிற்று. சிங்கப்பூருக்கு அந்தச் சட்டம் வரவில்லை. 1867இலேயே சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவின் நிர்வாகத்திலிருந்து பிரிந்துவிட்டன, அதனால் ஒப்பந்த விஷயத்தில் நாம் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலேயப் பொதுச்சட்ட வழியில் போகிறோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விரிவுரையாளர் இரண்டு மதராஸ் வழக்குகளைச் சொன்னார். வகுப்பில் இருந்த சீன மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ இரண்டுமே எங்கேயோ பார்த்த கதைபோல இருந்தன.

இரண்டாவது வழக்கு 1917இல் தீர்ப்பானது. சொத்தில் தங்களுக்கிருந்த உரிமையைத் தன் சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து மனைவியும் மகனும் கையெழுத்துப் போடாவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று ஒருவர் மிரட்டினார். அவர்கள் போட்டுவிட்டார்கள். விசாரித்த மூன்று நீதிபதிகளில் இருவர், இது கட்டாயம்தான், பத்திரம் செல்லாது என்றார்கள். ஒருவர் ஏற்கவில்லை. அந்த இருவர் சொன்ன காரணம் கொஞ்சம் வளைந்த காரணம். தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டப்படி குற்றம், ஆகவே தற்கொலையும் சட்டம் தடுத்த செயல், தடுத்த செயலைச் செய்வேன் என்று மிரட்டினால் அது கட்டாயம். விடை சரி, போன பாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. 'சாகப் போகிறேன்' என்ற சொல் அந்த மனைவிக்கு என்ன செய்தது என்று பார்த்திருந்தால் போதுமே. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி குற்றம் இல்லை. அப்படி மாற்றியது நல்ல காரியம். ஆனால் 1917ஆம் ஆண்டுத் தர்க்கத்தை இன்று இங்கே வைத்தால் நிற்காது. மிரட்டலின் பாரம் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த மிரட்டலைக் கேட்காத தமிழ் வீடு எத்தனை இருக்கும்? 'நான் செத்தாதான் உனக்கு நிம்மதி' என்பது நம் அம்மாக்களின் வாயில் கிட்டத்தட்ட நிறுத்தக்குறி மாதிரி. பெரும்பாலும் அதற்குப் பொருளே கிடையாது. சில சமயம் இருக்கும். என் சித்தி ஒருவர், மகள் தான் விரும்பிய பையனை விடும்வரை ரத்தக்கொதிப்பு மாத்திரை போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாத்திரை அட்டை சாப்பாட்டு மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. மகள் வழிக்கு வந்தாள். பார்த்த மாப்பிள்ளையை மணந்துகொண்டாள். திருமணப் பதிவின்போது முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டாள். இன்று நன்றாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். சித்தி அதையே தன் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டுவார். முடிவு நல்லபடியாக அமைந்ததால் மேசையில் இருந்த அட்டை வெறும் மாத்திரை அட்டையாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. சித்தியிடம் சொன்னதும் இல்லை, அது வேறு விஷயம்.

இங்கிலாந்தில் 1982இல் இதே மாதிரி ஒரு வழக்கு. 19 வயது இந்துப் பெண், ஒரு முஸ்லிம் பையனோடு பழகுகிறாள். பெற்றோர், தாங்கள் பார்த்த, அவள் கண்ணால்கூடக் கண்டிராத ஒருவரைக் கட்டிக்கொள், இல்லாவிட்டால் வீட்டைவிட்டு வெளியே போ என்றார்கள். அதற்குமுன் ஆங்கிலேய நீதிமன்றங்கள் உயிருக்கோ உடலுக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருந்ததா என்றே கேட்டுக்கொண்டிருந்தன. இந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவளுடைய மனம் உண்மையில் சம்மதித்ததா, அழுத்தம் அந்தச் சம்மதத்தையே வெறும் கூடாக்கிவிட்டதா என்று கேட்டது. திருமணம் ரத்தானது. சிங்கப்பூரில் திருமணம், குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்திலும் நிர்ப்பந்தத்தால் சம்மதம் செல்லாமல் போன திருமணத்தை ரத்துசெய்ய வழி இருக்கிறது. 2025 ஜனவரி 2 முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. குடும்ப வன்முறை என்பதற்குள் அடி உதை மட்டுமல்லாமல், கட்டுப்படுத்தி வற்புறுத்தும் நடத்தையும் அடங்கும் என்று சட்டமே விளக்கமாகச் சொல்கிறது. யாரோடு பேசுகிறாய் என்று கண்காணிப்பது, கையில் காசு இல்லாமல் வைத்திருப்பது, சொந்தபந்தத்தை அண்டவிடாமல் செய்வது எல்லாம் இந்த வகை. குடும்ப வன்முறையைத் தடுக்க நீதிமன்றம் தரும் தனிநபர் பாதுகாப்பு ஆணைக்கு முன்பு 21 வயதானவர்கள்தான் தாங்களே விண்ணப்பிக்கலாம், இப்போது 18 போதும். கணவன் மனைவிக்கு மட்டுமான ஏற்பாடு என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களும் இதற்குள் வருவார்கள்.

குற்றவியல் சட்டத்துக்குள் போனால் காற்று வேறு மாதிரி அடிக்கிறது. போலீஸ் வாங்கும் வாக்குமூலத்தில் சட்டம் மிகக் கறார். மிரட்டி வாங்கியிருந்தால் தள்ளுபடி, ஆசைகாட்டியோ வாக்குறுதி கொடுத்தோ வாங்கியிருந்தாலும் தள்ளுபடி. 'ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்' என்ற இனிப்பான பேச்சையும் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. அதே சட்டம், ஒருவர் பிறரின் மிரட்டலுக்குப் பயந்து குற்றம் செய்தேன் என்று வந்து நின்றால் மனம் இளகுவதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவுக்காக மெக்காலே எழுதிய வரைவிலிருந்து நமக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, அந்தக் கணமே மரணம் நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க மிரட்டல் இருந்தாக வேண்டும் என்கிறது. கொலைக்கு அந்தத் தற்காப்பும் கிடையாது. 2009இல் தொடையில் கட்டிய போதைப்பொருளோடு பிடிபட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம், தன்னை ஒருவர் மிரட்டிச் செய்யவைத்தார் என்று வாதாடினார். நீதிமன்றம் அதை நம்பவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் சொன்னது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் கேள்வி சட்டத்தின் அளவுகோலைப் பற்றியது. ஒப்பந்தத்திலும் திருமணத்திலும் மனம் வளைந்ததா என்று கேட்கும் சட்டம், உயிர் போகும் வழக்கில் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறது. அடுத்த வாரம் உன் வீட்டாரைக் கொல்வேன் என்பவனுக்கு யாரும் இந்த வாரம் பயப்படக் கூடாதா? எல்லாக் கடத்தல்காரர்களும் இதே கதையைச் சொல்வார்களே என்பது பதில். நியாயமான பதில்தான். முழுமையான பதில் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அரசாங்கம். சிங்கப்பூரில் கட்டாயத்தைப் பற்றி எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போக முடியாது. என் மகனுக்கு அடுத்த ஆண்டு 18. இளைஞர்கள் ராணுவம் போன்ற படைகளில் பணியாற்றும் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. 1967இல் சட்டத்திருத்தம் வந்தபோது முதல் தொகுதியில் சுமார் 9,000 இளைஞர்கள் பதிந்தார்கள். இப்போது முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு, அப்புறம் நடுவயது வரும்வரை அவ்வப்போது கூப்பிடுவார்கள். மாட்டேன் என்றால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதைவிட அப்பட்டமான கட்டாயம் வேறு எது? இருந்தும் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. மகன் முடிவெட்டைப் பற்றிப் புலம்புகிறான், அவ்வளவுதான். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை, தண்டனை மிரட்டலின் கீழ், ஒருவர் தானாக முன்வராமல், அவரிடமிருந்து வாங்கப்படும் எந்த வேலையும் கட்டாய உழைப்பு என்கிறது. சிங்கப்பூர் 1965 முதல் அதில் சேர்ந்திருக்கிறது. முற்றிலும் ராணுவத் தன்மை கொண்ட கட்டாயச் சேவைக்கு அதில் விலக்கு உண்டு. தேசிய சேவையில் குடிமைத் தற்காப்புப் படைக்கு அனுப்பப்பட்டு ஆம்புலன்ஸில் போகும் பையன்கள் 'முற்றிலும் ராணுவம்' எப்படி ஆவார்கள் என்று ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கேட்டேன். மகன் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான். வழக்கறிஞர்களிடம் இதற்கு விடை இருக்கும்.

நான் தேசிய சேவைக்கு எதிரி அல்ல. அதில் எனக்குப் பிடித்தது, மாட்டேன் என்றால் என்ன விலை என்பது அச்சில் இருக்கிறது. யார் கேட்கிறார்கள், எத்தனை காலம், எங்கே முறையிடுவது என்பதும் இருக்கிறது. சித்தியின் மாத்திரை அட்டைக்கு இவை எதுவும் கிடையாது. 1959 முதல் வாக்களிப்பும் இப்படித்தான். போடாவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும், தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டித் திரும்பச் சேரலாம். 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் ஓய்வுகாலச் சேமிப்பான மத்திய சேமநிதியும் அந்த ரகம். அது 1955இல் தொடங்கியது. பள்ளியில் தாய்மொழிப் பாடமும் கட்டாயம்தான். அந்தக் கட்டாயம் இல்லையென்றால் இந்த ஊரில் தமிழ் வகுப்பறைகள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆகவே அதைப் பற்றி நான் வாய்திறக்கப் போவதில்லை.

விலையை அச்சில் போட்டால் எல்லாம் நியாயம் ஆகிவிடுமா என்றால், அதற்கும் இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. ஒரே இனம் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். அந்த நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை, என் பிள்ளைகள் மூன்று மொழி கேட்டு வளர்ந்ததே அதனால்தான். ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்கப் போனால், சீனர் யாருக்கும் விற்க முடியாது. நாட்டு மக்களில் முக்கால்வாசிப் பேர் வாங்குவோர் பட்டியலிலேயே இல்லை. விலையைக் குறைக்க வேண்டியிருக்கும், அல்லது மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அண்டை வீட்டில் இருக்கும் சீனக் குடும்பத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, அவர்கள் இன்னொரு சீனருக்கு விற்றுவிட்டுப் போய்விடலாம். எல்லோருக்கும் ஒரே விதி, சுமையோ ஒரு பக்கமாகச் சாய்கிறது. வெகு காலம் இது வீட்டுக்குள் முணுமுணுப்பாகவே இருந்தது. 2022 மார்ச்சில், நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு வீவக தானே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அறிவித்தார்கள். தாமதம்தான். ஆனால் விதி எழுத்தில் இருந்ததால்தான் அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது, நாடாளுமன்றத்தில் பேச முடிந்தது.

கையில் கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் கொள்ளையன் 'கொடு' என்பதைப் போன்றது என்று வள்ளுவர் சொல்வார். அந்தக் குறள் கொடுங்கோன்மை அதிகாரத்தில் இருப்பதைப் பலர் மறந்துவிட்டு, வரி கேட்டாலே கொள்ளை என்று மேற்கோள் காட்டுவார்கள். முறை கெட்ட அரசனைப் பற்றிய பேச்சு அது. முறை என்று ஒன்று இருந்தால் கோலும் வேலும் ஒன்றாகாது என்றே நான் படிக்கிறேன்.

மருத்துவத்தில் இந்த வேறுபாட்டை நேரில் பார்த்தேன். என் மாமா ஒருவருக்கு மனநிலை மோசமாகி, தனக்கும் பிறருக்கும் ஆபத்து என்ற நிலை வந்தபோது, அவர் வரமாட்டேன் என்று சொல்லச் சொல்ல மனநலக் கழகத்தில் சேர்த்தோம். மனநலச் சட்டப்படி மருத்துவர் முதலில் 72 மணி நேரம்தான் வைத்திருக்க முடியும். அதற்கு மேல் என்றால் இன்னொரு மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குத்தான். இன்னும் நீட்டிக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு நடைமுறை. மாமா எங்களைத் திட்டினார், இன்றும் அத்தையோடு சரியாகப் பேசுவதில்லை. அவரை அங்கே அனுப்பியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்குமுன் வீட்டில் நாங்கள் அவரை வைத்திருந்த விதம்தான் யோசிக்க வைக்கிறது. கைப்பேசி அத்தையிடம், சாவி மாமா மகனிடம், வெளியே போக வேண்டுமென்றால் கூட ஓர் ஆள். எல்லாம் அன்பினால்தான். அந்த அன்புக்கு மணிக்கணக்கு இல்லை, இரண்டாவது மருத்துவர் இல்லை, மறுபரிசீலனையும் இல்லை.

என் வேலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் தம்பிகளின் தாள்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. யாரும் வற்புறுத்தி அனுப்பினார்களா என்று கேட்டால், சிரித்துவிட்டு, 'நானாதான்க்கா வந்தேன்' என்பார்கள். உண்மைதான். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1969இல் ஒரு கேள்வி போட்டார். ஓர் அடிமையை எஜமான் தினமும் அடிக்கிறான். ஒருநாள் வந்து, 'இந்த வேலையைச் செய், நாளைக்கு அடிக்கமாட்டேன்' என்கிறான். இது மிரட்டலா, சலுகையா? தினமும் நடப்பதோடு ஒப்பிட்டால் சலுகை. அடிமைத்தனமே இருந்திருக்கக் கூடாது என்ற இடத்திலிருந்து பார்த்தால் மிரட்டல். எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு இதில் ஒட்டிக்கொண்டது இன்னும் எளிய கேள்வி: மாட்டேன் என்று சொன்னவனுக்கு என்ன ஆகும், அந்த நிலையை உண்டாக்கியது யார்?

இந்தக் கேள்வி இந்த மண்ணுக்குப் பழையது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இங்கே சாலை போட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அங்கே கட்டாயம் என்பது சங்கிலி. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் பாதியில் விட்டுப் போனால் சிறை. 1910இல் அந்த முறை ஒழிந்தது. கங்காணி ஆள் பிடிக்கும் முறை அதன் இடத்தை நிரப்பியது. சட்டப்படி கூலிக்காரர் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் போகவிடாது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோனபோது முதலில் கூலி தருவதாகத்தான் சொன்னார்கள். ஆள் போதாமல் போனதும் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, பெரும்பாலோர் திரும்பி வரவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் மலேசியாவின் சிரம்பான் பக்கம் இன்னும் இருக்கின்றன.

இன்றைக்குச் சங்கிலியும் இல்லை, சிறையும் இல்லை. சிங்கப்பூரில் வேலை முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்கினால் குற்றம். மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதிக்காரருக்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணை கட்டுகிறார். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் ஊரில் வாங்கப்படும் பணத்துக்கு இந்த விதிகளின் கை நீளாது. நிலத்தை அடகு வைத்து, மனைவி நகையை வைத்து, மீட்டர் வட்டிக்கு வாங்கி வருகிறார்கள். முன்பு வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது, சம்பளம் குறைவாகப் போட்ட இரண்டாவது தாளில் ஊழியர்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் மிரட்டவில்லை. மேலாளர் குரலைக்கூட உயர்த்தவில்லை, பேனாவை நீட்டினார். போடாவிட்டால் ஊருக்கு விமானம், ஊரில் கடன்காரன். மிரட்டலின் வேலையைக் கடன் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது.

அதனால் இப்போதெல்லாம் 'யாராவது வற்புறுத்தினார்களா' என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். 'நாளைக்கே ஊருக்குத் திரும்பிட்டா என்ன ஆகும் தம்பி?' என்று கேட்கிறேன். அப்போதுதான் வட்டி வீதம் வெளியே வரும், முகவர் பெயர் வரும், அக்கா கல்யாணம் வரும். அடுத்த மாதம் வேறு தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதே, சம்பளத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உன் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு மனிதவள அமைச்சுக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி, அமைச்சின் தமிழ்த் துண்டறிக்கையைக் கையில் கொடுக்கிறேன். இப்போதைய மேலாளருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புதிய ஆள் ஒருவருக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று போன வாரம் கேட்டார். எடுக்கும் என்று சொன்னேன்.